என் இடுப்பு வலியும் சிங்கப்பூர் இன்சூரன்சும்

எனக்கு ஆறு வியாதி. சும்மா வந்ததில்லைங்க. முப்பது வருஷமா ஒவ்வொண்ணா நானே பார்த்துப் பார்த்து வளர்த்தது.

தெருக்குழாய்ல தண்ணி பிடிச்சுத் தூக்கிட்டு வரச் சொன்ன வருஷம் இடுப்பு வலி வந்துச்சு. ரேஷன் கடை க்யூவுல நிக்கச் சொன்னப்ப மூட்டு வலி வந்துச்சு. ஒட்டடை அடிக்கச் சொன்னா மூச்சு வாங்கும். ஃபேன் துடைக்க ஸ்டூல்ல ஏறச் சொன்னா தலை சுத்தும். தேங்காய் துருவச் சொன்னா கை நடுங்கும். கேஸ் சிலிண்டரைப் பார்த்தாலே தோள்பட்டை பிடிச்சுக்கும். இந்த ஆறையும் வச்சுத்தான் நான் இத்தனை காலம் குடும்பம் நடத்திட்டு வந்தேன்.

இது போக, நிஜ வியாதி ரெண்டு இருக்கு. சுகர், பிரஷர். அதுங்களை வெளியில சொல்றதில்லை. சொன்னா, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில நான் தேங்காய் பன் சாப்பிடுறதைப் பார்த்து யாராச்சும் வீட்டுல போட்டுக் குடுத்துருவாங்க. இல்லாததைக் காட்டணும், இருக்கிறதை மறைக்கணும். இதான் என் கொள்கை.

என் பேரு பங்கிராஸ். கீரனூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல முப்பத்தஞ்சு வருஷம் பத்திரம் எழுதுனவன். நான் எழுதுன பத்திரத்துல ஓட்டை கண்டுபிடிச்ச வக்கீல் இந்தப் புதுக்கோட்டை ஜில்லாவுலயே கிடையாது. பெருமைக்குச் சொல்லல. இந்தப் பெருமைதான் என்னைக் கவுத்துச்சு.

என் வீட்டுக்காரி அற்புதமேரி ரிட்டயர்டு டீச்சர். வயசு அறுபத்துநாலு. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. ஒரு தடவை பிளேன் ஏறணும், அவ்வளவுதான் ஆசை. திருச்சியில கிளம்புற பிளேன் எங்க வீட்டுக்கு மேலதான் போகும். துணி காயப் போட மாடிக்குப் போனவ, அது மறையற வரைக்கும் ஈரத் துணியைக் கையில வச்சுக்கிட்டே நிப்பா. கீழே எனக்கு காபி தாமதமாகும்.

போன மாசம் சிங்கப்பூர்லேருந்து எங்க மக நான்சி போன் பண்ணுனா.

"அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு. பத்து நாள். ட்ராவல் இன்சூரன்ஸ் மட்டும் அங்கிட்டே எடுத்துருங்க. அது இல்லாம பிளேன் ஏற வேணாம்னு உங்க மருமகன் கண்டிப்பா சொல்லிட்டாரு."

"அது எதுக்கும்மா தண்டச் செலவு?"

"இங்க நீங்க ஒரு நாள் ஆஸ்பத்திரியில படுத்தீங்கன்னா, நாங்க ஒரு வருஷம் எந்திரிக்க முடியாதுப்பா."

அன்னிக்கே ஒரு சபதம் எடுத்தேன். ஊர்லயே குறைஞ்ச பிரீமியத்துல இன்சூரன்ஸ் எடுத்துக் காட்டணும். வழி ரொம்ப லேசு. வியாதி உண்டான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லிடணும்.

மறுநாள் காலையில இன்சூரன்ஸ் ஏஜென்ட் சத்யபிரியா லேப்டாப்போட வந்தா. அஞ்சாம் வகுப்புல மேரிகிட்ட படிச்ச பொண்ணு. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

"சார், வயசு?"

"அறுபத்தேழு."

"உடம்புக்கு ஏதாச்சும்..."

"ஒண்ணும் கிடையாதும்மா. கல்லு மாதிரி இருக்கேன்."

உள்ளேருந்து மேரி காபி டம்ளரோட வந்தா.

"ஏங்க, சின்னப் பொண்ணுகிட்டயா பொய் சொல்றீங்க? எழுதிக்க சத்யா. இடுப்பு வலி."

"மேரி, அதெல்லாம் எதுக்கு..."

"எதுக்கா? நேத்து அரிசி மூட்டையை நகர்த்தச் சொன்னதுக்கு 'ஐயோ ஆத்தா'ன்னு உக்காந்தீங்கல்ல? மூட்டு வலி, எழுதிக்க. மூச்சு வாங்கும். தலை சுத்தும். தோள்பட்டை வேற."

"கை நடுக்கம் எதுவும் இருக்கா டீச்சர்?"

"தேங்காய் மூடியைப் பார்த்தா மட்டும் வரும்."

சத்யபிரியா வாயைப் பொத்திக்கிட்டு இருமுனா. பாவம், சளி போலன்னு நினைச்சேன். அப்புறம் லேப்டாப்பை மூடிட்டா.

"டீச்சர், இத்தனை இருந்தா சாரைச் சேர்க்கிறது ரொம்பக் கஷ்டம். நீங்க மட்டும் வேணா போயிட்டு வாங்க."

"இவரை விட்டுட்டு நான் மட்டுமா? வேணாம் சத்யா. எனக்குக் கொடுத்து வைக்கல. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லி நான்சிகிட்ட சொல்லிருவோம்."

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு பிளேன் போற சத்தம் கேக்குது. மேரி அண்ணாந்துகூடப் பார்க்கல. டம்ளரை எடுத்துக்கிட்டு அடுப்படிப் பக்கம் திரும்புனா. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ பண்ணுச்சுங்க. இது நிஜமா பண்ணுச்சு. நாற்பது வருஷமா என்னைக் கட்டி மேய்ச்சவ. அவளோட ஒரே ஆசையை, இல்லாத இடுப்பு வலி வந்து கெடுக்கிறதான்னு வெக்கமா போச்சு.

"சத்யா, அந்த ஆறும் இல்லைம்மா."

"எப்பேருந்து சார்?"

"இப்ப... மாதா புண்ணியத்துல எல்லாம் சொஸ்தமாயிருச்சு."

மேரி திரும்பி வந்தா. "மாதாவை எதுக்கு இழுக்குறீங்க? இருந்துச்சா, இல்லையா?"

"இல்லை."

"என்னிக்குமே?"

"என்னிக்குமே."

டம்ளர் பறக்கும்னு நினைச்சுக் குனிஞ்சே உக்காந்திருந்தேன். மேரி சாதாரணமா டம்ளரை என் முன்னால வச்சு, "காபி ஆறுது, குடிங்க"ன்னா. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

சத்யபிரியா லேப்டாப்பைத் திறந்தா. "அப்படின்னா ஒரு உறுதிமொழி வேணும் சார். வெள்ளைப் பேப்பர்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும்."

வெள்ளைப் பேப்பரா! ரெண்டு வரியா! யார்கிட்ட வந்து என்ன கேக்குறா? பீரோவைத் திறந்து, மிச்சமிருந்த இருபது ரூபா ஸ்டாம்பு பேப்பரை எடுத்தேன். கண்ணாடியை மாட்டுனேன். பேனா தானா ஓடுச்சு.

'கீரனூரிலிருக்கும் காலஞ்சென்ற சவரியப்பன் குமாரர் பங்கிராஸ் ஆகிய நான், யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி, நல்ல புத்தித் தெளிவுடனும் முழு மனதுடனும் எழுதிக்கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் என்னவென்றால்...'

"என்னென்ன வேலை செய்ய முடியும்னும் விவரமா போட்டுருங்க சார்."

'...பளு தூக்கவும், ஸ்டூலில் ஏறவும், வரிசையில் நிற்கவும், ஒட்டடை அடிக்கவும் பூரண சக்தி உடையவன்...'

"தேங்காய் துருவறது?" இது மேரி.

"கம்பெனிக்கு அது எதுக்கும்மா?"

"கை நடுக்கம் இல்லைங்கிறதுக்கு அதான் சார் ப்ரூஃப்"னா சத்யபிரியா. நியாயமாத்தான் பட்டுச்சு. அதையும் சேர்த்தேன்.

"ஏங்க, பின்னாடி யாரும் ஓட்டை கண்டுபிடிக்க மாட்டாங்கல்ல?" மேரி பயந்த மாதிரி கேட்டா.

"ஓட்டையா? பங்கிராஸ் எழுத்துலயா?" எனக்கு ரோஷம் வந்துருச்சு. 'மேற்படி வியாதிகளைச் சொல்லி இனி எக்காலத்திலும் ஆட்சேபணை செய்யமாட்டேன்' அப்படின்னு ஒரு பூட்டுப் போட்டேன். எல்லாப் பத்திரத்துலயும் வழக்கமா போடுற கடைசி வரியையும் பழக்க தோஷத்துல போட்டு முடிச்சேன்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு சார்லஸைக் கூப்பிட்டேன். அவன் படிச்சான். என்னைப் பார்த்தான். திரும்பப் படிச்சான்.

"அண்ணே, நல்லா யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?"

"நான் எழுதுனதுல என்னடா யோசனை? கையெழுத்தைப் போடு."

போட்டுட்டு, துக்க வீட்டுலேருந்து கிளம்புறவன் மாதிரி சொல்லிக்காமலே போயிட்டான்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நிமிர்றேன், மேரி என் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை அட்டையை டேபிள்ல வைக்கிறா. "இந்த ரெண்டையும் எழுதிக்க சத்யா."

"மேரி! அதை மட்டும் விட்டுரு. காசு கூடும்."

"மறைச்சாத்தான் சார் நஷ்டம்"னா சத்யபிரியா. "அங்க போயி மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா, ஆஸ்பத்திரியில முதல்ல சுகரைத்தான் பார்ப்பாங்க. நீங்க மறைச்சது தெரிஞ்சா கம்பெனி கையை விரிச்சிரும். காசும் கட்டி, பில்லும் நீங்களே கட்டணும். முன்னாடியே சொல்லிட்டா, அதனால வர்ற அவசர வைத்தியத்துக்கும் சேர்த்துத் தர்ற பாலிசி இருக்கு. நாலு கம்பெனி பார்த்து கட்டுப்படியாகுறதா எடுத்துத் தர்றேன். கொஞ்சந்தான் கூடும்."

"கொஞ்சம்னா?"

"மாசா மாசம் நீங்க தேங்காய் பன்னுக்கு விடுற காசுதான் வரும்"னா மேரி. "என்ன முழிக்கிறீங்க? பேக்கரிக்காரனும் என்கிட்ட படிச்சவன்தான்."

சாயங்காலமே பாலிசி போனுக்கு வந்துருச்சு. வர்ற புதன்கிழமை பிளேன். மேரி ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடிச்ச கத்திரிக்காய் புளிக்குழம்பு வச்சா. ஜெயிச்சுட்டோம்னு நிம்மதியா தூங்குனேன்.

காலையில சிலிண்டர்காரர் வந்து வாசல்லயே சிலிண்டரை வச்சுட்டுப் போயிட்டாரு.

"ஏங்க, அதை அடுப்படிக்குத் தூக்கியாந்துருங்க. அப்படியே தேங்காயையும் துருவிருங்க."

கை தானா இடுப்புக்குப் போச்சு. "ஐயோ ஆத்தா..."

மேரி ஃபிரிட்ஜைக் காட்டுனா. அதுல என் பத்திரம் தொங்குது. லேமினேஷன் வேற பண்ணியிருக்கா.

"இது கம்பெனிக்குப் போக வேண்டிய ஒரிஜினலாச்சேடி? இங்க எப்படி?"

"கம்பெனிக்கு இது எதுக்குங்க? பாலிசியைப் படிக்கலையா? அவங்க கேட்டது நிஜமா இருக்கிற வியாதியை. சுகர், பிரஷர் ரெண்டும்தான் அதுல இருக்கு. இந்தப் பத்திரம் சத்யாவை விட்டு நான் கேட்டது."

முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் பார்க்காத மோசடி! ஆனா பத்திரக்காரன் மூளை சும்மா இருக்குமா? டக்குன்னு ஒரு பாயின்ட்டைப் பிடிச்சேன்.

"சரி, பாலிசிக்காக எழுதுன பத்திரம்தானே? பாலிசி பத்து நாளைக்குத்தான். அது முடிஞ்சா பத்திரமும் செல்லாது!"

மேரி அசரல. சட்னிக்கு மிளகாய் கிள்ளிக்கிட்டே சொன்னா.

"கடைசி வரியை நீங்களே படிங்க. கண்ணு மங்கல்னு ஒண்ணு லிஸ்ட்டுல கிடையாது."

படிச்சேன். என் கையெழுத்துதான். முத்து முத்தா இருந்துச்சு. 'இந்த உறுதிமொழி சூரிய சந்திரர் உள்ளவரை என்னைக் கட்டுப்படுத்தும்.'

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். சூரியன் சுள்ளுன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.