மூன்றாவது சிலிண்டர்

மாரப்பன் திருப்புளியை மூன்றாவது ப்ளக்கில் வைத்தபோது இன்ஜினின் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை.

அதற்கு முன் முதல் ப்ளக்கில் வைத்தபோது சத்தம் தொய்ந்தது. இரண்டாவதிலும் அப்படியே. திருப்புளி பட்டால் ப்ளக்கில் பொறி விழாது; வெடிக்கிற சிலிண்டரை இப்படித் தடுத்தால் இன்ஜின் திணறும். ஏற்கெனவே செத்துக் கிடப்பதைத் தடுத்தால் அதற்கு என்ன தெரியப்போகிறது? பட்டாளத்துச் சுபேதார் பரீட்சைக்காக வேண்டுமென்றே கெட்ட ப்ளக்கை மாட்டி வைத்திருந்தது மூன்றாவதில்தான். மாரப்பனுக்குச் சந்தேகமே இல்லை.

"எந்த சிலிண்டர்ப்பா?" என்று கேட்டார் சுபேதார்.

"மொதலாவதுங்க" என்றான் மாரப்பன்.

பென்னாகரம் பஸ்ஸை வருஷக்கணக்காக ஓட்டியவன் அவன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் நின்றுபோனது. அவனும் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். ஒருநாள் களியைத் தட்டில் வைத்துக்கொண்டே அவன் மனைவி காசியம்மாள், வண்டி நின்றால் மனுஷனும் நின்றுவிட வேண்டுமா என்று கேட்டாள். கோபத்தில் கேட்டதல்ல, கேலிதான். இவன்தான் களியைத் தொடாமல் எழுந்தான். நேரே தர்மபுரிக்குப் போய், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் டிரைவர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டான்.

திரும்பி வரும்போது இண்டூர் தாண்டுவதற்குள் கோபம் போய்விட்டது. கையெழுத்து மட்டும் போகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் காசியம்மாள் சண்டை போடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு வாய் களி தின்றிருந்தால் போதுமே என்று அன்றிலிருந்து அவன் நினைக்காத நாளில்லை.

பட்டாளத்தில் டிரைவர் என்றால் பர்மா. பர்மா என்றால் குண்டு. ஆனால் அதற்கு முன்னால் இப்படி ஒரு பரீட்சை உண்டு என்று தெரிந்ததும் மாரப்பனுக்கு உயிர் வந்தது. ஓடாத இன்ஜினைச் சரி செய்யத் தெரியாத டிரைவரை வைத்துக்கொண்டு சர்க்கார் என்ன செய்யும்? வீட்டுக்கு அனுப்பிவிடும். காசியம்மாளிடமும் இதைச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தான். மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கழட்டிக் காட்டு" என்றார் சுபேதார்.

ஒரு ப்ளக்கை மட்டும் கழற்றினால் விவரம் தெரிந்தவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில், மாரப்பன் நான்கையும் கழற்றித் துணியில் பரப்பினான். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தான். பிறகு கைக்கு அகப்பட்டதை அகப்பட்ட இடத்தில் மாட்டினான்.

இன்ஜின் மறுபடி கிளம்பியது. சுபேதார் தாமே திருப்புளியை வாங்கி முதல் ப்ளக்கில் வைத்தார். சத்தம் மாறவில்லை. மூன்றாவதில் வைத்தார். இன்ஜின் திணறியது.

சுபேதார் நெற்றியைச் சுருக்கினார். மாரப்பன் மாற்றி மாட்டியதில் கெட்ட ப்ளக் முதல் சிலிண்டருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

"நீ சொன்னதுதான் சரி போலிருக்கு. நான்தான் எண்ணினதுல தப்புப் பண்ணிட்டேன்" என்றார் சுபேதார். புதுப் ப்ளக் ஒன்றைக் கொடுத்து, மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னார். அவர் குரலில் மரியாதை வேறு வந்திருந்தது.

இதற்கு மேல் தாமதிக்கக் கூடாது. மாரப்பன் புதுப் ப்ளக்கை மாட்டினான். ஒயர்களைப் பொருத்தும்போது ஒன்றின் ஒயரை மற்றொன்றுக்குக் கொடுத்தான். தெரிந்தே பிள்ளைக்கு விஷம் கொடுப்பதுபோல இருந்தது.

இன்ஜினைக் கிளப்ப ஹாண்டிலைச் சுற்றியதும் புகைக்குழாயில் பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் வந்தது. சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டி ஒன்று வேலியோரப் பள்ளத்தில் இறங்கியது. சுபேதார் கையிலிருந்த டீ அவர் கால்சட்டைக்கு மாறியது.

"நீயா பஸ் ஓட்டினே?" என்று கேட்டார் சுபேதார். மாரப்பன் தலை குனிந்து நின்றான். தேறவில்லை, போய் உட்கார் என்றார்.

முறை வருவதற்காகக் காத்திருந்த டிரைவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காரிமங்கலம் வண்டி ஓட்டும் கருப்பண்ணன் மட்டும் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் தாங்க முடியவில்லை. நடுக்காட்டில் நின்றுபோன கருப்பண்ணனின் வண்டியைப் போய்க் கிளப்பிக் கொடுத்தவன் மாரப்பன். இனி இந்த ஜில்லாவில் எவன் நம்பித் தன் வண்டியைத் தொடவிடுவான்?

வேலியைத் தாண்டிப் போய்க் காசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தேறலைங்களா?" என்றாள்.

"தேறலை."

அவள் முகம் மலர்ந்தது. உடனே அவன் முகத்தைப் பார்த்து அதை அடக்கிக்கொண்டாள். "என்னாலதான உங்களுக்கு இந்த அவமானம். அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"நான் களியைத் தின்னிருக்கலாம்" என்றான் மாரப்பன்.

வெகுநாளைக்குப் பிறகு இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். மானம் போனால் போகட்டும், உயிர் இருக்கிறது, இவள் இருக்கிறாள் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

அப்போது மைதானத்திலிருந்து மாது வந்தான். லாரி டிரைவர். லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவன் தேறிவிட்டானாம். பாவம், வீட்டில் கைக்குழந்தை. மாரப்பன் எழுந்து அவன் தோளில் கை வைத்தான்.

"மனசை வுட்றாத மாது. பர்மாவுக்குப் போனவங்க எல்லாருமா திரும்பாம போயிட்டாங்க?"

மாது அவனையும் காசியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தான். சங்கடத்தோடு சொன்னான்:

"எனக்குப் பெங்களூர்ல ரிப்பேர் வேலைங்கண்ணா, மாசம் ஒருக்கா வூட்டுக்கு வரலாமாம், தேறாதவங்களுக்குத்தான் துப்பாக்கியக் குடுத்துப் பர்மாவுக்கு அனுப்பறாங்க."