விழுந்தவன் ஒருவன், எழுந்தவன் ஒருவன்

மதிப்பிற்குரிய படத்தொகுப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் இங்கே நலம். கடிதத்தில் எழுதுகிற நலம்தான், நேரில் வந்தால் தெரியும். நான் யாரென்று தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் ஒரு தையல்காரன். தாங்கள் வெட்டி ஒட்டிய அந்த விண்வெளிப் படத்தில், இரும்பு அரக்கனோடு நடக்கும் கடைசிச் சண்டையில், கதாநாயகருக்கு டூப் போட்டு அடி வாங்கியவனைப் பெற்றவன். உயரத்திலிருந்து விழும் காட்சியில் கயிறு நழுவி, முதுகெலும்பில் அடிபட்டு, இப்போது உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். எழுந்து நடப்பானா என்று கேட்டால் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். இவனோ, பசிக்கிறதா என்று கேட்டால் ‘ம்’ என்கிறான், வலிக்கிறதா என்று கேட்டாலும் அதே ‘ம்’. வேறு பேச்சு இல்லை.

படம் வெளிவந்ததும் நானும் அவன் அம்மாவும் போனோம். விளக்கு அணைந்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம், சண்டையில் வருவது என் மகன் என்று சொல்லிவைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்குமா? திரையில் விழுந்தது ஓர் உதை. பறந்துபோன முதுகு என் மகனுடையது. அந்த முதுகுக்குச் சின்ன வயதிலிருந்து சட்டை தைத்தவன் நான், எனக்குத் தெரியாதா? ‘இதோ, இதோ’ என்று நான் விரலை நீட்டுவதற்குள் தாங்கள் ஒரு வெட்டு வெட்ட, அங்கே கதாநாயகரின் முகம் வந்து நிற்கிறது. பக்கத்துக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கதாநாயகருக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம் இல்லை. மறுபடி என் மகன் விண்கப்பலின் சுவரில் மோதினான், மறுபடி நான் விரல் நீட்டினேன், மறுபடி அவர் முகம். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, “பெரியவரே, கைய மடக்குங்க, மறைக்குது” என்றார். இது போதாதென்று அந்தச் சத்தம் வேறு. ஒவ்வொரு குத்துக்கும் எலும்பு முறிகிற சத்தம். அவன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, விடுங்கடா என் பிள்ளையை என்று எழுந்துவிட்டாள். டார்ச் விளக்கோடு ஒருவர் வந்து எங்களை மரியாதையாக வெளியே கூட்டிப்போனார். மிச்சத்தை மறுநாள் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன், விரலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு.

அடுத்த வாரம் இரும்பு அரக்கன் வீட்டுக்கு வந்தான். திரையில் கட்டடத்தைப் பெயர்த்து எறிகிறவன், கதவைத் திறந்து பார்த்தால் ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லிப்பிச்சான், கையில் ஆப்பிள் பையோடு நிற்கிறான். என் மகனின் சிநேகிதனாம். நீதானா என் பிள்ளையை அடித்தவன் என்று அவன் அம்மா வாசலிலேயே மறித்தாள். பாவம், அவன் பதறிப்போய் எல்லாவற்றையும் விளக்கினான். ஓர் அடிகூட மேலே படாதாம், கை ஒரு சாண் தள்ளியே போகுமாம், கேமராவை நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பதால் பட்ட மாதிரி தெரியுமாம். தரையில் வைத்து அண்ணாந்து பிடித்தால் அவனும் மலை ஆகிவிடுவானாம். பச்சைத் துணி உடுத்தி, அரக்கனின் தலை எவ்வளவு உயரம் என்று காட்ட, தலைக்கு மேலே குச்சியில் ஒரு பந்தைக் கட்டிக்கொண்டு இவன் துள்ளுவானாம், இரும்பைப் பிறகு கம்ப்யூட்டரில் பூசுவார்களாம். எலும்பு முறிகிற சத்தம், கேரட்டை ஈரத்துணியில் சுற்றி ஒலிவாங்கிக்கு முன்னால் ஒடிப்பதாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேரட் வாங்குவதில்லை. அவனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன், “அப்ப அவன் நெசமா விழுந்தானே, அப்ப என்ன சத்தம்பா கேட்டுச்சு?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “ஒரு சத்தமும் கேக்கலப்பா. நல்லா விழுந்துட்டான்னு நாங்க எல்லாரும் கை தட்டினோம்.”

ஐயா, கயிறு நழுவிய அந்த விழுகிற காட்சியில்தான் எனக்கும் தங்களுக்கும் வழக்கு. அவன் விழுகிறான், மெதுவாக, எந்தத் தகப்பனும் பார்க்கக்கூடாத அளவுக்கு மெதுவாக விழுகிறான். இசையை நிறுத்திவிட்டு மூச்சுச் சத்தம் மட்டும் வைத்திருக்கிறீர்கள். அந்த மூச்சும் அவனுடையது இல்லை, கதாநாயகர் பிற்பாடு ஓர் அறையில் உட்கார்ந்து விட்டுக் கொடுத்தாராம். உடம்பு புரள்கிறது, முகம் இந்தப் பக்கம் வரப்போகிறது, நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன், வெட்டிவிட்டீர்கள். அடுத்த நொடி கதாநாயகர் தரையிலிருந்து எழுந்து, தோளில் தூசியைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறார். ஒரே விசில். விழுந்தது என் மகன், எழுந்தது யாரோ. தங்களுக்கு அது ஒரு வெட்டில் முடிந்துவிட்டது. நாங்கள் இன்னும் தினமும் காலையில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனைப் புரட்டி, முதுகு துடைத்து, பவுடர் போட்டு, மறுபடி படுக்க வைக்கிறோம்.

நானும் வெட்டுகிற தொழில்காரன்தான். துணியில் மிஞ்சியதைச் சுருட்டி, தைத்த உடுப்போடு சேர்த்துக் கொடுத்துவிடுவது எங்கள் முறை, என்றைக்காவது கிழிந்தால் ஒட்டுப்போட உதவும். தாங்கள் வெட்டிய துண்டில் என் பையன் முகம் இருக்கும். அதைப் படத்தில் சேருங்கள், கண் சிமிட்டுகிற நேரம் போதும். முடியாதென்றால் துண்டையாவது என்னிடம் கொடுங்கள். இவ்வளவு பெரிய படத்தில் நீயும் இருக்கிறாயடா என்று காட்டினால் சுவரை விட்டுத் திரும்புவான் என்று ஒரு நப்பாசை. பெற்ற மனம் பித்து, வேறென்ன சொல்ல.

தங்கள் கண்ணும் கையும் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும். தங்கள் பிள்ளைகள் எங்கே ஏறினாலும் பத்திரமாக இறங்கட்டும்.

இப்படிக்கு,
டூப்பின் தகப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். எழுதி முடித்து அவன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், உள்ளறைக்கும் கேட்டிருக்கிறது. அப்பா என்று கூப்பிட்டான். எத்தனை மாதம் கழித்து! விழுந்தடித்து ஓடினேன். தலையை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தான், முகமெல்லாம் கோபம். “மானத்த வாங்காதீங்கப்பா. மொகம் தெரிஞ்சா அவன் டூப்பே இல்ல. அந்தத் துண்டுலயும் என் மொகம் இருக்காது. கயிறு விட்டதும் கேமரா எந்தப் பக்கம்னுதான் பாத்தேன், மறு பக்கம் திரும்பிட்டேன். அதான் முதுகு மாட்டிக்கிச்சு” என்றான். சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டு செல்போனில் படத்தின் முன்னோட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். ஏணிச் சண்டையில் ஓரிடத்தில் அவனுடைய இடது காது தெரிந்துவிடுகிறதாம். அது தன் தவறு, மன்னிக்கச் சொன்னான், அதை எப்படியாவது வெட்டிவிடச் சொல்லி எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன். நாளைக் காலைக் காட்சிக்கு நானும் அவன் அம்மாவும் போகிறோம். நாங்கள் பார்த்துவிட்டு வரும்வரை மட்டும் பொறுத்து வெட்டவும்.