காய்ச்சிய டீசல்

“இனிமே இந்த வீட்டுக்குள்ள பங்க் டீசல் ஒரு சொட்டு வரக்கூடாது!” என்று முழங்கினார் வேதியியல் வாத்தியார்.

“வீட்டுக்குள்ள எதுக்குங்க வருது? வேனுக்குத்தானே ஊத்தறேன்,” என்றாள் மனைவி.

வேன் அவளுடையது. வீட்டை ஒட்டிய சலவைக்கடையும் அவளுடையது. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்து, மூட்டை கட்டி, அவளே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பாள். ஒரு நாள் வேன் படுத்தால் அத்தனை கட்டிலும் விரிப்பில்லாமல் நிற்கும். மறுநாள் அங்கே வேறொரு சலவைக்காரர் நிற்பார்.

“பள்ளிக்கூட கேன்டீன்ல பொரிச்சுக் கறுத்த எண்ணெயைக் கொட்டறாங்க. அதுல மெத்தனாலைக் கலந்து, காஸ்டிக் சோடாவை வினையூக்கியாப் போட்டா பயோடீசல்!”

“வினையூக்கியா? வினையை விலைக்கு வாங்கினது போதாதுன்னு ஊக்க வேற செய்யணுமா?”

“அடியே, வினையூக்கின்னா பக்கத்துலயே இருந்து காரியத்தை நடத்தி வெக்கும். ஆனா அது மட்டும் கடைசி வரைக்கும் மாறவே மாறாது.”

“பக்கத்துல இருக்கறது, மாறாம இருக்கறது, ரெண்டும் புரியுது. கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கறேனே. காரியம் நடக்கறதுதான் புதுசா இருக்கு.”

சனிக்கிழமை வாத்தியார் கடையின் பின்கட்டில் அண்டாவை ஏற்றினார். எண்ணெயை வடிகட்டினார், சுடவைத்தார், கலந்தார், கிண்டினார். ஞாயிறும் கிண்டினார். “மேல டீசல் தெளியும், அடியில கிளிசரின் தங்கும். யாரும் திறக்கக்கூடாது!” என்று உத்தரவு போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

திங்கள் காலை பின்கட்டுக்குப் போனவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கேன். அதில் பொன்னிறத்தில் பளபளவென்று திரவம்.

“தெளிஞ்சிருந்துதுங்க. நானே மொண்டு ஊத்தி வெச்சேன்,” என்றாள் மனைவி.

முகர்ந்து பார்க்கலாம்தான். ஆனால் ஆய்வுக்கூடத்து அமிலப் புகையில் அவர் மூக்கு என்றைக்கோ ஓய்வு பெற்றுவிட்டது. கேனைத் தூக்கிப் போய் டேங்கில் கவிழ்த்தார். அவள் சாவியைத் திருகினாள். ஒரே திருகு! வேன் உறுமியது. உண்மையைச் சொன்னால், அது ஓடும் என்று வாத்தியாரே நம்பவில்லை.

அன்று மாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“வேலையை விட்டுட்டேன்!”

அவள் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டி ‘தொம்’மென்று இறங்கியது. “என்னது?”

“ஹெட்மாஸ்டர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். இனிமே நான் வாத்தியார் இல்லை. தொழிலதிபர். ஊருக்கே டீசல் சப்ளை!”

“ஐயோ, அது பங்க் டீசல்ங்க!”

“எது?”

“கேன்ல இருந்தது. நான்தான் போய் வாங்கிட்டு வந்து வெச்சேன்.”

வாத்தியார் துவைக்கிற கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். “அப்போ என்னோட டீசல்?”

அவள் பின்கட்டுக்கு அழைத்துப் போய் அண்டாவின் மூடியை எடுத்தாள். உள்ளே வெண்ணெய் மாதிரி ஒரு கட்டி. நடுவில் கரண்டி செங்குத்தாக நின்றது. பிடித்து இழுத்தார். கரண்டி வரவில்லை, அண்டாதான் வந்தது.

“இது... சோப்பு!” என்றார். எண்ணெயில் ஈரம் இருந்திருக்கிறது. அதைப் போக்காமல் காஸ்டிக்கைப் போட்டால் சோப்புதான் வரும். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் அவர் நடத்துகிற பாடம்.

“ஏண்டி இதை அப்பவே சொல்லலை?”

“தோத்தீங்கன்னா ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. ஜெயிச்சா ரெண்டு நாள்ல மறந்துட்டு வேற எதையாவது ஆரம்பிப்பீங்க. வேனாவது தப்பிக்குமேன்னு பாத்தேன். வேலையை விடுவீங்கன்னு யாருங்க கண்டா?”

“இப்ப ஹெட்மாஸ்டர்கிட்ட என்னன்னு போய் நிக்கறது?”

“அவர் மத்தியானமே போன் பண்ணினார். ‘என்னம்மா, திடீர்னு வேலையை விடறேங்கறாரு’ன்னார். நிஜமாவே விடுவீங்கன்னு நினைக்கலை. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லி வெச்சேன்.”

“என்னன்னு?”

“ரெண்டு நாளா விடாத காய்ச்சல், அதுல பிதற்றறார்னு. உங்களைப் பாக்க வந்துட்டே இருக்கார். போய்ப் படுங்க.”

“முடியாது! எனக்கும் மானம் இருக்கு. நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன்!”

வாசல் மணி அடித்தது. அடுத்த நிமிஷம் வாத்தியார் கட்டிலில் இருந்தார். மேலே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கம்பளிகள், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு. வியர்வை ஆறாக ஓடியது.

ஹெட்மாஸ்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போனார். “அடேயப்பா! வேலையைப் பத்தி ஒண்ணும் யோசிக்காதீங்க சார். நீங்க சொன்னதை நான் அப்பவே காத்துல விட்டுட்டேன்.”

வாத்தியாருக்கு மானம் பொங்கியது. உள்ளதைச் சொல்லிவிடுவதென்று தலையைத் தூக்கி, வாயைத் திறந்தார்.

மனைவி அதில் தெர்மாமீட்டரை வைத்தாள்.