ஓகே பீஸ்

வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட வேண்டிய சீனிவாசன் காலையிலேயே திருப்பத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

பேரிடர் ஒத்திகைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. தன்னார்வக் குழுவின் கேப்டன் கன்னியப்பன் போனை இடது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"இன்னா சீனு இது? நீதான மூழ்கறேன்னு சொன்ன?"

"சொன்னேன்பா. சம்சாரத்தோட தங்கச்சி பொண்ணு கல்யாணம். வரலன்னா வீட்லயே மூழ்கடிச்சிடுவாங்க."

"பதினோரு மணிக்கு மூழ்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

"இப்பவே பந்தில உக்காந்துட்டேன்பா. அப்பளம் வருது, வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார். கன்னியப்பன் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். டிசம்பர் மாதக் காலைதான். ஆனாலும் பொறுப்பில் இருக்கும் ஆளுக்கு வேர்க்கத்தானே செய்யும்.

நாலு வருஷத்துக்கு முன் பாலாற்றில் வெள்ளம் வந்து ஆம்பூரில் அவர்கள் தெருவுக்குள் புகுந்தபோது, எல்லோருக்கும் முன்னால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றவர் கன்னியப்பன். தண்ணீர் வடிந்த பிறகும் அவரால் இறங்க முடியவில்லை. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு சோபனாதான் மேலே ஏறி, இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து ஊருக்கு அவர் டேங்கு கன்னியப்பன். வயரிங் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட, "டேங்கு இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

பேரிடர் பயிற்சிக்குப் போனது, குழு ஆரம்பித்தது, மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் கயிற்று முடிச்சு சொல்லிக் கொடுத்தது எல்லாம் அந்தப் பெயரைக் கழுவத்தான். இன்று ஒத்திகை ஒழுங்காக நடந்தால், தாசில்தார் மைக்கில் 'சிறந்த தன்னார்வலர் கன்னியப்பன்' என்று படித்துக் கேடயம் கொடுப்பார். நாலு தெருவுக்குக் கேட்கும்படி, டேங்கு இல்லாமல். அதற்காக உயிரையே கொடுக்கவும் அவர் தயாராக இருந்தார்.

மூழ்குவதற்கு எதிர்வீட்டு மக்பூல் அகமதுவைப் பிடித்தார். தோல் மண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆள் நல்ல கனம். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அவர் மனைவி சுகரா பேகம் ஒப்புக்கொள்ளவில்லை.

"தண்ணி ஊத்தி நனைப்பியா கன்னியப்பா? அப்புறம் இவருக்குச் சளி புடிச்சா பேஜாரு எனக்குத்தான்."

"வெள்ளத்துல போனவரு நனையாம இருந்தா, பாக்கறவங்க இன்னாம்மா நெனப்பாங்க?"

"கால் ஒடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ. காஞ்ச எடத்துல ஒடியட்டும்."

அப்படியே முடிவாயிற்று. மக்பூல் பாய் நாற்காலியில் உட்கார்ந்து முனகிப் பழக ஆரம்பித்தார்.

அடுத்தது அட்டை விவகாரம். காயம்பட்டவர்களுக்கு மாட்டுவதற்கென்று பயிற்சியில் நாலு கலரில் அட்டைகள் கொடுத்திருந்தார்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் ஆள் நன்றாக இருக்கிறார், நடந்தே போகலாம். கறுப்பு என்றால் இனி அவசரமே இல்லை. பயிற்சிக்குப் போனவர் கன்னியப்பன் ஒருவர்தான். அட்டைகளைப் பத்திரமாகப் பரணில் வைத்திருந்தார். எலிகளுக்கும் அது பத்திரமான இடமாகப் பட்டிருக்கிறது.

"வுடுங்கண்ணா," என்றாள் சோபனா. "எங்க கம்பெனி ஸ்டிக்கரு பையில கெடக்கு. செவப்பும் பச்சையும்தான் இருக்கு. போதுமா?"

"போதும் போதும். எந்தக் கலரு எதுக்குன்னு ஒருவாட்டி எல்லாருக்கும் சொல்லிடறேன்."

குழுவில் ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில்தான் வேலை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"தெனம் எட்டு மணி நேரம் அத்தத்தான ஒட்றோம்? எங்களுக்கே சொல்லித் தர்றீங்களா?"

கன்னியப்பனுக்கு மனசு லேசாயிற்று. ஒரு மடக்கு ஓமவாட்டர் குடித்தார். காலையிலிருந்து நெஞ்சு கரித்துக்கொண்டே இருந்தது. நேற்றுத் தின்ற பரோட்டா.

தாசில்தார் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். இது யாரும் எதிர்பாராதது.

"விசில் ஊதினதுல இருந்து ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நிமிஷம் குறிப்பேன். அங்கயும் சொல்லி வெச்சிருக்கோம். ஆரம்பிக்கலாமா?"

கன்னியப்பன் விசில் ஊதினார். மூச்சு போதாமல் இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது.

மக்பூல் பாய் அலறினார். குழுவின் பூர்ணிமா பாய்ந்து போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"டிஃபெக்ட் எங்க பாய்?"

"முட்டிக்குக் கீழ."

முட்டிக்குக் கீழே சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய் சைக்கிள் ஸ்டாண்ட் மூலையில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"ரிஜெக்ட் ஒண்ணு!" என்று குரல் கொடுத்தாள் பூர்ணிமா.

இந்தப் பக்கம் சோபனா, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டீக்கடை அப்துல் சமத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பச்சை ஸ்டிக்கரை ஒட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினாள்.

ஷூ கம்பெனியில் சிவப்பு ஒட்டினால் ரிஜெக்ட், மூலைக்குப் போகும். பச்சை ஒட்டினால் ஓகே பீஸ், முதல் வண்டியில் ஏறும். வயரிங் வேலை பார்க்கும் கன்னியப்பனுக்கு இது அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, பச்சைய எறக்குங்க! செவப்ப ஏத்துங்க!"

"ரிஜெக்டையா அனுப்பச் சொல்றீங்க?" பூர்ணிமா நிஜமாகவே அதிர்ந்து போனாள். "பேரு கெட்டுடும்ணா."

விளக்க நேரமில்லை. தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியப்பன் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

"பாய், எழுந்து வாங்க!"

"கால் ஒடிஞ்சிருக்குப்பா. நடக்கக் கூடாது."

"நெஜமா ஒடியலையே பாய்!"

"மேடம் பாக்கறாங்க," என்று பாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு மறுபடி அலறினார்.

வேறு வழியில்லாமல் கன்னியப்பன் நாற்காலியோடு அவரை ஆம்புலன்ஸ் வரை இழுத்து வந்தார். இடது கை கடுத்தது. காலையில் முக்கால் மணி நேரம் போன் பிடித்த கை. பாயைக் கதவருகில் விட்டுவிட்டு, வண்டிக்குள் ஏறி அப்துல் சமத்தைக் கீழே தள்ளினார். தள்ளிய வேகத்தில் கண் லேசாக இருட்ட, அங்கேயே ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தார்.

சோபனா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்கு எங்கயாச்சும் டிஃபெக்ட் இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று கத்தினார் கன்னியப்பன்.

கேப்டனே சொன்ன பிறகு சோபனா என்ன செய்வாள்? சட்டைப் பாக்கெட்டின் மேல் பச்சையை ஒட்டிக் கதவைச் சாத்தினாள்.

"ஓகே பீஸ். ரிஹான், வண்டிய எடு!"

டிரைவர் ரிஹான் எடுத்தான். மைதானத்து மைக்கில் தாசில்தார் அம்மாவின் குரல் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது.

"கேப்டன் கன்னியப்பன் எங்கே? என்னது? யாரு? ஓ, அப்படியா? டேங்கு கன்னியப்பன் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும். டேங்கு கன்னியப்பன்."

நாலு தெருவுக்கும் கேட்டிருக்கும். கன்னியப்பன் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்துவிட்டார். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் வீணாய்ப் போயின. அவருக்கு அழுகையே வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அஃப்ஸர் ஜஹான் தயாராக நின்றிருந்தார். வண்டி நின்ற வேகத்தில் கன்னியப்பனை உள்ளே தள்ளிக்கொண்டு போய் நெஞ்சில் வயர்களை மாட்டினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் கேப்டன். இதோ பாருங்க, பச்சை. திரும்பக் கொண்டுபோய் வுட்ருங்க, தாசில்தார் காத்துனு இருக்காங்க."

"ஒத்திகைன்னாலும் முழுசா பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. எங்களுக்கும் நிமிஷம் குறிக்கிறாங்க. அசையாதீங்க."

மெஷினிலிருந்து காகிதம் வந்தது. நர்ஸ் அதைப் பார்த்தார். பிறகு கன்னியப்பனைப் பார்த்தார்.

"காலையில இருந்து வேர்த்துச்சா?"

"பொறுப்பும்மா."

"இடது கை வலிச்சுதா?"

"போன் புடிச்சது."

"நெஞ்சு?"

"பரோட்டா."

நர்ஸ் காகிதத்தோடு ஓடினார். வரும்போது டாக்டரும் இன்னும் மூன்று பேரும் கூட ஓடி வந்தார்கள். ஒருவர் ஊசியை எடுத்தார், இன்னொருவர் மாத்திரையை வாயில் போட்டு மெல்லச் சொன்னார். அஃப்ஸர் ஜஹான் பாக்கெட்டின் மேலிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்து, வாசலில் நின்ற ரிஹானிடம் நீட்டினார்.

"யாருப்பா இவருக்குப் பச்சை ஒட்டினது? இது செவப்பு. இன்னும் அரை மணி நேரம் அங்கயே ஓடிட்டிருந்தாருன்னா, கறுப்பு."