எலித் தொல்லையும் ஒரு திருமண அழைப்பிதழும்

அழைப்பிதழில் மணமகனின் பெயருக்கு நேர் மேலே, "எலித் தொல்லைக்கு உடனடித் தீர்வு" என்று இருந்தது.

"அம்மா, இதை இப்படியே யாருக்கும் கொடுக்க முடியாது" என்றான் மணமகன்.

"ஏன்டா? எலி எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதானே?" என்றாள் அம்மா, அடுத்த அட்டையை விசிறிக்கு நேராகப் பிடித்தபடி.

அவன் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவன். அடுத்தவர் எழுத்தில் குறை கண்டுபிடிப்பதற்காக மாதச் சம்பளம் வாங்குகிற ஜீவன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாளியே பளபளவென்று அழைப்பிதழ் அடித்துக் கொடுத்திருப்பார். ஆனால் பெண்ணின் அப்பா நிபந்தனை போட்டுவிட்டார்.

பெண் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவனுக்குக் கண் பரிசோதித்தவள் அவள்தான். முதல் வரியைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. அதிலேயே அவளுக்கு இரக்கம் சுரந்து, காதலாகக் கெட்டியாகிவிட்டது. சம்மதம் கேட்க அவள் வீட்டுக்குப் போன அன்று, அவள் அப்பா ஒரு பல்பை மாற்றிக்கொண்டிருந்தார். "நீங்க இறங்குங்க சார், நான் போடறேன்" என்று நாற்காலியில் ஏறினான். இறங்கும்போது பல்பு, ஹோல்டர், கூரைப் பூச்சில் ஒரு பகுதி எல்லாமே கூட இறங்கின. அப்பா தலையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர்; ஒருமுறை சொன்னதை மறுமுறை விளக்க மாட்டார்.

மறுநாள் பெண்ணின் சித்தப்பா, அதாவது அவள் அப்பாவின் தம்பி, மணமகனின் அம்மாவுக்குப் போன் செய்தார். எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"அண்ணன் ஒரே வரியில சொல்லிட்டாரும்மா. கையால ஆகாதது எதுவும் என் பொண்ணு கல்யாணத்துல இருக்கக்கூடாதாம். அவ்வளவுதான். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

போனை வைத்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ ரசனையான மனுஷன் பாரு! எல்லாமே கையால செய்யணும்கிறார்."

பெண்ணும் நெகிழ்ந்துபோனாள். "எங்கப்பாவுக்கு இப்படி ஒரு மனசு இருக்குன்னு எனக்கே தெரியாதுப்பா!"

மணமகன் அந்த வரியைத் தூய தமிழாக்கி, 'கையால் ஆகாதது எதுவும் வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினான். விட்டுப்போன புள்ளியைக்கூட வைத்துவிட்ட திருப்தி அவனுக்கு.

அச்சகத்தில் கழித்த தாள்களை மூட்டையாகக் கொண்டுவந்தான். அம்மா அவற்றை ஊறவைத்து அரைத்து அட்டையாகத் தட்டினாள். மிக்ஸி பாழாகிவிடும் என்று அரைகுறையாக அரைத்தாள். அதனால்தான் எலி மருந்து விளம்பரம் அழியாமல் பிழைத்து அழைப்பிதழில் ஏறிக்கொண்டது.

"மேல பூ வரைஞ்சு மறைச்சிடுடா."

வரைந்தான். வண்ணத் தண்ணீரில் அட்டை ஊறி, பெயர்கள் நீலமாக வழிந்தன. எலி மட்டும் அசையவில்லை.

"துணியில பூ வெட்டி ஒட்டிடுடா."

ஒட்டினான். கையால் செய்தால் அன்பு வெளியே தெரியும் என்பது அம்மாவின் கட்சி. வெளியே தெரிந்தது பசைதான். காலையில் பார்த்தால் அத்தனை அழைப்பிதழ்களும் ஒரே செங்கல்லாக இறுகிக் கிடந்தன. கரண்டிக் காம்பை விட்டுப் பிரித்ததில் பாதி அட்டைகளில் மணமகன் பெயர் கிழிந்து அடுத்த அட்டையோடு போய்விட்டது. சிலருக்கு மணமகனே இல்லாத கல்யாணத்துக்கு அழைப்பு. சிலருக்கு இரண்டு மணமகன்கள்.

முதல் அழைப்பிதழைப் பெண்ணின் அப்பாவிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் ஒட்டியதை உதறினார், உதிரவில்லை.

"நான் சொன்னது சரியாத்தான் இருக்கு" என்றார்.

"மாமாவுக்குப் பிடிச்சுப்போச்சும்மா!" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினான்.

இந்த ஊக்கம்தான் வினையானது. மண்டபத்துக்கு மூங்கிலில் காகிதப் பூ வளைவு செய்ய இறங்கினான். அச்சகத்துக்கு லீவு போட்டான். விரல்களைப் பசையும் கத்தரியும் பங்கு போட்டுக்கொண்டன. பூக்கள் முட்டைக்கோஸ் மாதிரி வந்தன.

மணப்பெண்கூட ஒருமுறை தயங்கினாள். "கடையில ரெடிமேடா கிடைக்குதேப்பா. ஒண்ணே ஒண்ணு வாங்கி நடுவுல வச்சா, அப்பாவுக்குத் தெரியவா போகுது?"

"உங்கப்பாவை ஏமாத்திட்டு எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்றான். முட்டைக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேச அசாத்திய நெஞ்சழுத்தம் வேண்டும்.

வளைவு நிற்காமல் ஆடியதால் இரண்டு பக்கமும் செங்கல் கட்டித் தொங்கவிட்டான். செங்கல் கனத்தில் மூங்கில் வளைந்தது. மூங்கிலை இழுத்துப் பிடிக்க ஒரு கயிற்றை மண்டபத்தின் மேலே ஓடிய ஏ.சி. குழாயில் கட்டினான்.

கல்யாண நாளில் எல்லோரும் வந்தார்கள். மணமகன் யார் என்று பார்ப்பதற்கே பாதிப் பேர் வந்திருந்தார்கள். மணமக்கள் இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் குழாய் விட்டுக்கொடுத்தது. குளிர்ந்த தண்ணீர் வளைவில் கொட்டியது. பூக்களின் சிவப்புச் சாயம் தண்ணீரில் இறங்கியது. பிறகு வளைவே இறங்கியது, நேராகப் பெண்ணின் அப்பா மேல்.

முட்டைக்கோஸ் குவியலுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் அன்னைக்குச் சொன்னது நூத்துக்கு நூறு சரி."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த நிலைமையிலயும் பாராட்டறாரே!"

அண்ணனை இழுத்து வெளியே உட்கார வைத்துவிட்டு, சித்தப்பா கை துடைக்கத் துணி தேடி வந்தார். மணமகன் பெருமிதத்தோடு அவர் தோளைத் தொட்டான்.

"மாமா போட்ட நிபந்தனையை ஒரு இடத்துலகூட மீறல சித்தப்பா. எல்லாமே கையால."

"நிபந்தனையா? என்னப்பா நிபந்தனை?"

"அதான், நீங்க போன்ல சொன்னீங்களே, 'கையால் ஆகாதது எதுவும் கல்யாணத்துல இருக்கக்கூடாது'ன்னு."

சித்தப்பா வாயில் இருந்ததை முதல்முறையாக முழுசாக விழுங்கினார்.

"அடப்பாவி, அண்ணன் உன்னைத்தான்டா வேண்டாம்னாரு, 'கையாலாகாதது' ஒரே வார்த்தைடா, நடுவுல யாருடா இடம் விட்டது?"