குழல்சாமியின் இடது கன்னம்

கோமுகி அணைப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் அந்த மாதம் ஏறியவர்களில் பாதிப் பேருக்குத் தொண்டையில் கோளாறு. மீதிப் பேர் அவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்து வந்தவர்கள். கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதையே விட்டுவிட்டார். “குழல்சாமி எல்லாம் எறங்கு!” என்பார். பஸ் காலியாகிவிடும்.

கல்வராயன் மலை அடிவாரத்தில், கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போன வருஷம் வரை கோழிப் பண்ணை. கோழிகள் போய் பக்தர்கள் வந்தார்கள். வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அங்கேதான் குழல்சாமி எழுந்தருளியிருந்தார். செம்புக் குழாயைத் தொண்டையில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். உள்ளே எவரோ சோற்றில் வைத்த வசிய மருந்து, முடியும் நூலுமாக உருண்டு வெளியே வந்து விழும். அப்புறம் சோறு இறங்கும், தண்ணீர் இறங்கும், தேவைப்பட்டால் சொத்துக்கூட இறங்கும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். உருண்டை விழுவதைத்தான் பார்த்தார்கள். அது எங்கிருந்து விழுகிறது என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அடுத்தவருக்கு அனுப்ப வேண்டுமே!

கச்சிராயபாளையத்துப் பொன்னுரங்கத்துக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது வருஷம் கரும்பு வெட்டி லாரியில் லோடு ஏற்றியவர். அவர் கத்தினால் லாரி தானாகப் பின்னால் வரும் என்பார்கள். மாசி மாதம் ஒரு காலையில் இடது கையும் இடது வாயும் இழுத்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். கை பாதி திரும்பியது. பேச்சு முக்கால் திரும்பியது. விழுங்குவது மட்டும் வீடு திரும்பவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் புரையேறிக் கண் பிதுங்கும். ஒருமுறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து மறுபடி ஒரு வாரம் படுத்தார்.

விழுங்கப் பயிற்சி கொடுக்கும் ஷாலினி என்ற பெண்தான் ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொன்னாள். “தொண்டையில சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி இருக்குங்க ஐயா. நீங்க விழுங்கும்போது மூச்சு வழிய மூடற கதவு இப்போ லேட்டா மூடுது. தண்ணி, டீ எல்லாம் அதுக்குள்ள ஓடி நுரையீரலுக்குப் போயிடுது. கெட்டியா இருந்தா மெதுவா போகும், கதவு மூட நேரம் கெடைக்கும்.”

அவள் சொன்னதையெல்லாம் மருமகள் நிர்மலா மனசில் எழுதிக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார வேண்டும். தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்க வேண்டும். சின்ன ஸ்பூன். ஒரு வாய்க்கு இரண்டு விழுங்கு. முடிந்ததும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். மரத்துப்போன கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடக்கும், அதை எடுத்துவிட வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. மூன்று மாதமாக மூன்று வேளையும் நிர்மலாவின் குரல் கேட்டது: “மாமா, ஆ காட்டுங்க.”

லாரியை அதட்டிய மனுஷன் மருமகளிடம் ஆ காட்டுவதா? அதைக்கூடப் பொன்னுரங்கம் பொறுத்துக்கொண்டார். டீயைத்தான் பொறுக்க முடியவில்லை. கண்ணாடி கிளாஸில், ஆவி பறக்க, மடக் மடக்கென்று குடித்த டீ இப்போது கேழ்வரகு மாவு போட்டுக் கெட்டியாக்கி ஸ்பூனில் வந்தது. “இது டீயா? செவுத்துல போஸ்டர் ஒட்டற பச!” என்று தினமும் திட்டிவிட்டுத்தான் குடிப்பார்.

இந்த நேரத்தில்தான் அவருடைய அக்கா சாலம்மாள் வந்து சேர்ந்தாள்.

“பொரையேறுதுன்னா யாரோ நெனைக்கிறாங்கன்னு அர்த்தம்டா தம்பி.”

“ஒரு நாளைக்கு நாப்பது தபா எவன்க்கா என்ன நெனைக்கிறான்?”

சாலம்மாள் யோசித்தாள். தேர்தல் சமயத்தில்கூட அவள் தம்பியை யாரும் அவ்வளவு தரம் நினைத்ததில்லை. “அதான் எனக்கும் டவுட்டு. இது நெனப்பு இல்லடா. மருந்து! எவளோ சோத்துல கலந்து வெச்சிட்டா. வா, குழல்சாமிகிட்ட போவலாம். எடுத்துட்டா மறுநாளே கிளாஸ்ல டீ குடிக்கலாமாம்.”

கிளாஸில் டீ! பொன்னுரங்கம் அந்த ஆசையில் விழுந்துவிட்டார். நிர்மலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். புருஷன் சரத்குமார் திருப்பூரில். போனில் “அப்பா ஆசப்படறாரு, கூட்டிக்கினு போயேன்” என்றான். ஒரு பையில் ஸ்பூனும் கேழ்வரகு டீ பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

கொட்டகையில் நானூறு பேர். டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர் ராஜாங்கம், சாமியின் பிரதம சீடர், மைக்கும் அவரே. ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விசாரித்தார். பேர் என்ன, என்ன செய்யுது, வீட்டில் யார் சமைக்கிறாங்க, யார் ஊட்டறாங்க, யாரோடு சண்டை? ஆஸ்பத்திரியில்கூட இத்தனை கேட்கமாட்டார்கள். சாலம்மாள் வஞ்சனையில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ராஜாங்கம் அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வந்தார்.

பக்கத்தில் நவுஷாத் உட்கார்ந்திருந்தான். கள்ளக்குறிச்சியில் துணிக்கடை. அம்மா கமர் ஜஹான் அவன் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“போன வாரமே எடுத்தாங்க,” என்றான். “எடுத்ததும் ஒரு சொம்பு தண்ணிய அண்ணாந்து குடிக்க வெச்சாங்க. ஒரே இருமல். மருந்து கரையுதுன்னு எல்லாரும் கை தட்னாங்க. ரெண்டாம் நாள் காய்ச்சல். வேர் உள்ள கீதாம், மறுபடி எடுக்கணுமாம்.”

நிர்மலா அந்த அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. “அண்ணா, இது வேர் இல்ல. தண்ணி நெஞ்சுக்குள்ள போயிருக்குது. எங்க மாமாவுக்கும் இப்டித்தான் வந்துச்சு. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க.”

“டோக்கன் போட்டுட்டமேம்மா,” என்றான் நவுஷாத், பாவமாக.

பொன்னுரங்கத்தின் முறை வந்தது. குழல்சாமி புலித்தோல் அச்சிட்ட போர்வையில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடினார், குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“மகனே! உன் தொண்டையிலே ஒரு பெண் நிற்கிறாள். வெளியாள் அல்ல. அன்னமிடும் கை. தினமும் கரண்டியால் ஊட்டும் கை. அந்தக் கைதான் மருந்தையும் இட்டது!”

கொட்டகை மொத்தமும் திரும்பி நிர்மலாவைப் பார்த்தது. “அடிப்பாவி!” என்றது ஒரு குரல். சாலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுரங்கத்தின் கண் நிர்மலாவின் பைக்குப் போனது. பழுப்பாக, கெட்டியாக, கொழகொழவென்று அந்த டீ... மருந்து எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அவர் அதைத்தான் காட்டியிருப்பார். மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்ததை நிர்மலா பார்த்தாள்.

சாமி எழுந்து பின்னாலிருந்த காவித் திரைக்குள் மூலிகைத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கப் போனார்.

“சாமி இனிமே மௌனம்!” என்றார் ராஜாங்கம் மைக்கில். “உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் பேசமாட்டாரு!”

சாமி குழாயோடு திரும்பி வந்தார். நானூறு பேரும் குழாயைப் பார்த்தார்கள். நிர்மலா கன்னத்தைப் பார்த்தாள். அது பழக்கம், மூன்று மாதமாகக் கன்னம் பார்த்தே பொழுது போனவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே போனாள்.

“சாமிக்கு எப்பலேர்ந்து பக்கவாதம்?” என்று கேட்டாள்.

“இன்னாம்மா?” என்றார் ராஜாங்கம். மைக் நடுவில் இருந்தது.

“இல்லீங்க, எடது கன்னத்துல எதுவோ ஒதுங்கிக் கெடக்குது. எங்க மாமாவுக்கும் இப்டித்தான் சோறு தங்கிடும். அப்டியே வுட்டா ஆபத்து. ஆ காட்டச் சொல்லுங்க, எடுத்துடறேன்.”

நாலு ஸ்பீக்கரிலும் அது கணீரென்று கேட்டது.

“ம்ம்! ம்ம்ம்!” என்றார் சாமி.

“வாயத் தொறந்தா சக்தி போயிடும்னு சொல்றாரு,” என்று மொழிபெயர்த்தார் ராஜாங்கம்.

“சரி, ஆ காட்ட வேணாம். ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும். நோயாளிக்கெல்லாம் சொம்பு சொம்பா குடுக்கறீங்க இல்ல?”

“வசியக்காரி! வெளிய தள்ளுங்க இவள!” என்று கத்தினார் ராஜாங்கம்.

அப்போதுதான் பொன்னுரங்கம் தலை நிமிர்ந்தார். சாமியின் முகத்தைப் பார்த்தார். உதட்டை இறுக்கி, எச்சிலை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் திணறுகிற முகம். அந்த முகம் அவருக்கு அத்துப்படி. தினம் காலையில் கண்ணாடியில் பார்ப்பதாயிற்றே!

“யாரும் அவமேல கை வெக்காதீங்க!” என்றார். பழைய லாரிக் குரலில் முக்கால்வாசி வந்தது. “நிர்மலா, அந்த பிளாஸ்க்க எடும்மா.”

நானூறு பேர் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு ஸ்பூன் கேழ்வரகு டீயை வாயில் வாங்கினார். தாடையை இறக்கினார். ஒரு விழுங்கு. இன்னொரு விழுங்கு. புரையேறவில்லை. இருமலும் இல்லை. பிறகு ஊருக்கே தெரிய வாயைத் திறந்தார்.

“ஆ!”

காலி.

“நோயாளி நானே காட்டிட்டேன். நீ இப்போ குடி சாமி.”

“நியாயந்தானே?” என்று எழுந்தான் நவுஷாத். “குடிங்க சாமி! நானும் பாக்கறேன்.” பின்வரிசையிலிருந்து “குடி! குடி!” என்று கிளம்பியது. இருபது செல்போன்கள் உயர்ந்தன.

சாமிக்கு வேறு வழியில்லை. சொம்பை எடுத்தார். தாம் சொன்ன வைத்தியப்படியே அண்ணாந்தார், ஊற்றினார். தண்ணீர் இறங்கியது. உருண்டையும் கூடவே இறங்கப் பார்த்தது. கண் பிதுங்கியது, முகம் கத்தரிக்காய் ஆயிற்று, குழாய் கைநழுவி ஓடியது. நிர்மலா பாய்ந்து அவரை முன்பக்கம் குனியவைத்து முதுகில் ஓங்கி அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த அறையில் வைத்தியம் எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“தூ!” முடியும் நூலுமாக ஒரு கறுப்பு உருண்டை பறந்து ராஜாங்கத்தின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. பொன்னுரங்கத்தின் தொண்டையில் குழாய் இன்னும் படவே இல்லை!

மௌனம் கலைந்தது. குகைக் குரல் போன இடம் தெரியவில்லை. “ஐயோ, புளி மாட்டிக்கிச்சுடா ராஜாங்கம்!” என்று மைக்கில் அலறினார் சாமி.

அப்புறம் கொட்டகை சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. நவுஷாத் திரையை இழுத்துப் போட்டான். உள்ளே ஒரு டிபன் டப்பா. புளி, சலூன் முடி, கறுப்பு நூல் எல்லாம் பிசைந்து உருட்டின உருண்டைகள், லட்டுக் கடைபோல வரிசையாக. பக்கத்தில் சாலம்மாள் கொட்டிய கதை முழுதும் எழுதிய தாள். யாரோ குழாயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“டேய், இது ஃபிரிட்ஜ் கொழாடா! இவன் தியாகதுருகத்துல ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்த தீனதயாளன்! எங்க வூட்டு ஃபிரிட்ஜயே இவனால ரிப்பேர் பண்ண முடியல!”

போலீஸ் வந்தது. சாமி ஜீப்பில் ஏறும்போதும் இருமிக்கொண்டே ஏறினார். அதற்கு முன்பே நவுஷாத் அம்மாவைக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிட்டான். நுரையீரலில் சளி, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். பத்து நாளில் தேறி வீட்டுக்கு வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் பொன்னுரங்கம் பிளாஸ்க்கைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஒரு நிமிஷம் உன்ன சந்தேகப்பட்டுட்டம்மா.”

“ஒரு நிமிஷமா? நாலு நிமிஷம் மாமா. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்.”

“நாலுதான்,” என்று ஒப்புக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வந்தது. நிர்மலா அதைப் பார்க்காததுபோல், பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள்.

ஷாலினி சொன்ன பயிற்சிகளை இப்போது அவர் முணுமுணுக்காமல் செய்கிறார். ஆடியில் மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு, மாவைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றாள் அவள். சாலம்மாள்தான் போன வாரம் புதுச் செய்தியோடு வந்தாள்: சங்கராபுரம் பக்கம் ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தை உருட்டியே மூட்டுவலியை எடுக்கிறாளாம், கூட்டம் தாங்கவில்லையாம்.

கொட்டகையில் அன்று நானூறு தலைகள் இருந்தன. நிமிர்ந்து கன்னத்தைப் பார்த்தது ஒன்றுதான். கழுத்துக்கு மேலே இருப்பது கும்பிடக் குனிவதற்கு மட்டும்தானா என்று, அடுத்த டோக்கன் வாங்குமுன் அதையே கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.