பெட்டி அண்ணனும் ஏனாமும்

காரைக்கால் கடற்கரை முழுக்க வலை போட்டு இழுத்தாலும் பெட்டி அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி சிக்க மாட்டார். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சங்கத்தைக் கொண்டுவந்ததும் அதே ஆள்தான் என்றால் மட்டும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

எழுபதுகளின் கடைசி. கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் நான் கிளார்க். பெட்டி அண்ணன் அங்கே லேப் அட்டெண்டர். லேபில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு எலும்புக்கூடு தொங்கும். தினமும் கதவைத் திறந்ததும் அதற்கு ஒரு வணக்கம் வைத்த பிறகுதான் உள்ளே காலை எடுத்து வைப்பார். தவளை அறுக்கிற நாளில் தவறாமல் லீவு.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பயம் ஒன்று உண்டு. ஏனாம். எங்களுக்கும் ஏனாமுக்கும் ஒரே அரசாங்கம். ஆனால் ஊர் ஆந்திராவுக்குள்ளே, கோதாவரிக் கரையில் இருக்கிறது. பஸ், ரயில், மறுபடி பஸ் என்று போய்ச் சேரவேண்டும். போனால் ஊரெல்லாம் தெலுங்கு. மேலே இருப்பவருக்கு உங்களைப் பிடிக்கவில்லையா, அங்கே தூக்கியடித்துவிடுவார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் சாக்பீஸ் உடைந்தால்கூட "ஏனாம் காத்து வாங்கணுமா?" என்றுதான் கேட்பார். 

பெட்டி அண்ணன் முன்னேற்பாட்டோடு இருந்தார். லேப் மேஜைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் இரண்டு வேட்டி, ஒரு போர்வை, நார்த்தங்காய் ஊறுகாய், தெலுங்கு கற்றுக்கொள்ள ஒரு சின்னப் புத்தகம். ஊறுகாயை மட்டும் வருஷா வருஷம் மாற்றுவார். பெட்டி அண்ணன் என்ற பெயரும் அந்தப் பெட்டியால் வந்ததுதான். புத்தகத்திலிருந்து அவர் மனப்பாடம் செய்தது ஒரே வாக்கியம். "நாகு தெலியது." எனக்குத் தெரியாது என்று அர்த்தம். எந்த அதிகாரி எதைக் கேட்டாலும் இது ஒன்று போதும் என்பார்.

இப்பேர்ப்பட்டவர் சங்கத்துக்கு ஆள் பிடிக்கக் கிளம்பியது செபஸ்தியம்மாவுக்காக. பள்ளிக்கூடம் கூட்டுகிற அம்மா. எட்டு வருஷமாகத் தற்காலிகம். புருஷன் இல்லை, மூன்று பெண் பிள்ளைகள். கை முறிந்து ஒரு மாசம் வரவில்லை என்று, இனிமேல் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஹெட்மாஸ்டர். அந்த எலும்புக்கூட்டைப் பெட்டி அண்ணனுக்குப் பதிலாகத் துடைத்து வந்ததே செபஸ்தியம்மாதான். ஊழியர் சங்கத்தில் போய்க் கேட்டதற்கு, உங்கள் பள்ளியில் பத்துப் பேர் சேர்ந்து மனு கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம்.

ஆள் சேர்க்கிறவர்கள் நாலு நல்லதைச் சொல்லிச் சேர்ப்பார்கள். இவர் ஆளை லேபுக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, "சேர்ந்தா மாத்திடுவாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அப்புறம் என்னென்ன கெடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்கிறவருக்கு வேர்த்துக் கொட்டும்போது, "நான் சேர்ந்துட்டேங்க. தனியாளா பயப்பட முடியலை. நீங்களும் வந்தா கொஞ்சம் பிரிச்சுக்கலாம்" என்பார். ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள்.

நடுவில் ஹெட்மாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் உடனே, "பிப்பெட் நாலு, பியூரெட் மூணு" என்று உரக்கச் சரக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். அங்கேயும் "பியூரெட் மூணு" என்று கத்தியதில், காய்க்காரம்மா அப்படி ஒரு காய் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மரைக்காயர் சார் மட்டும் சிரித்துக்கொண்டே சேர்ந்தார். பெட்டி அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பயமில்லாத ஆளை எப்படி நம்புவது என்று என்னிடம் புலம்பினார். சொல்லிவைத்த மாதிரி, தம்பி துபாயிலிருந்து விசா அனுப்ப, சார் வேலையை விட்டுவிட்டுப் பறந்துவிட்டார். சேர்ந்திருந்த பத்துப் பேர் ஒன்பதாகிவிட்டது.

மிச்சம் இருந்தது நான். என் மனைவி குரும்பகரத்தில் அவள் அம்மா வீட்டில், ஏழு மாசக் கர்ப்பம். ஏனாம் என்ற சொல்லை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. பெட்டி அண்ணன் என்னை லேபுக்குக் கூட்டிப்போனார். எலும்புக்கூட்டின் மேல் படிந்திருந்த தூசியைக் காட்டினார். அவ்வளவுதான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. சேர்ந்துவிட்டேன்.

மனுவில் முதல் கையெழுத்து யார் போடுவது? முதல் பேருக்குத்தான் ஏனாம் என்று பேனா கைமாறிக்கொண்டே இருந்தது. பெட்டி அண்ணன் தன் சாப்பாட்டு டப்பா மூடியைக் காகிதத்தில் கவிழ்த்துச் சுற்றிக் கோடு இழுத்தார். வட்டத்தைச் சுற்றிப் பத்துப் பேரும் பேரெழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதல் ஆள் யாரென்று கடவுளுக்கும் தெரியாது என்று சந்தோஷப்பட்டோம்.

ஒன்றை மறந்துவிட்டோம். மனு ஹெட்மாஸ்டர் வழியாகத்தான் மேலே போகும். எங்கள் ஆபீசுக்கு வருகிற எந்தக் காகிதமும் தபால் பதிவேட்டில் ஏறவேண்டும். அதில் 'யாரிடமிருந்து' என்று ஒரு கட்டம். ஒரு பெயர் எழுதி 'மற்றும் ஒன்பது பேர்' என்று முடிக்கவேண்டும். அந்தப் பெயர்தான் தலைவன். பதிவேட்டை ஹெட்மாஸ்டர் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதை எழுதுகிற கிளார்க் நான். எனக்கே இது முன்னால் தோன்றவில்லை, பாருங்கள்.

மனுவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே என் பெயர் இருந்தது. காகிதத்தைத் திருப்பினேன், வாட்ச்மேன் வந்தார். இன்னும் திருப்பினேன், டிராயிங் மாஸ்டர் வந்தார். திருப்பித் திருப்பி மறுபடி என் பெயரிலேயே வந்து நின்றேன்.  எதிரே பெட்டி அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

"என் பேரை எழுதுங்க தம்பி. பெட்டி கட்டி வச்சிருக்கறது நான் ஒருத்தன்தானே."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எழுதினேன்.

ஒரு மாசத்துக்குள் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, செபஸ்தியம்மா வேலையில் தொடரலாம். இன்னொன்று, லேப் அட்டெண்டருக்கு ஏனாம். பெட்டியைத் திறந்து பார்த்தால் வேட்டியைப் பூச்சி அரித்திருந்தது. புது வேட்டி நான் வாங்கி வந்தேன். செபஸ்தியம்மா பெட்டியைத் துடைத்து அடுக்கிக் கொடுத்தார். பஸ் ஏறும்போது பெட்டி அண்ணன் பிப்பெட், பியூரெட் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சங்கம் விடாமல் எழுதிப் போட்டதில் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். லேபைத் திறந்து எலும்புக்கூட்டுக்கு வணக்கம் வைத்தார். பெட்டியைப் பழைய இடத்தில் தள்ளினார். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, அன்னைக்கு என் பேரை எழுதியிருக்கணும். என் மேல வருத்தமா?"

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "நாகு தெலியது" என்றார்.

மறுநாள் நானும் ஒரு தகரப் பெட்டி வாங்கிக்கொண்டு போய், மேஜைக்கு அடியில் அவர் பெட்டியை ஒட்டி வைத்தேன்.  சாயங்காலம் திறந்து பார்த்தபோது, என் வேட்டிக்கு நடுவே ஒரு சின்ன பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது.